மணல் வீட்டுக்கு யார் தண்ணீர் கொண்டு வருவது?

மணலில் வீடு கட்டுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன். மணல் கொட்டிக் கிடக்கிறது, கடல் நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழந்தைக்குக் கை இருக்கிறது. இதில் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் எனக்கு அது புரிந்தது. புரிந்த விதம்தான் நன்றாக இல்லை.

அன்று மகன், மருமகள், பேரன், பேத்தி, நான் என்று ஐந்து பேரும் போயிருந்தோம். பேரனுக்கு எட்டு வயசு, சின்னக்குட்டிக்கு நாலு. போனதுமே என் மகன் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு கோட்டை கட்ட உட்கார்ந்து விட்டான். இவன் படித்தது சிவில் என்ஜினீயரிங். கேட்க வேண்டுமா? மதில், கொத்தளம், அகழி, அகழிக்குக் குறுக்கே ஐஸ்கிரீம் குச்சியில் பாலம்! பெரியவன் அப்பாவுக்குச் சித்தாள். நான் சங்கு, கிளிஞ்சல் பொறுக்கி மதிலில் பதித்துக்கொண்டிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அசல் செஞ்சிக் கோட்டை மாதிரியே இருந்தது. நடைப் பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சின்னக்குட்டி மட்டும் ஓரமாக நின்றாள். நடுவில் ஒரு தடவை ஆசையாகக் கையை வைத்தாள். கொத்தளம் ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. "ஏய், தொடாதே!" என்று அப்பாவும் அண்ணனும் ஒரே குரலில் கத்தினார்கள். முகம் சுண்டிப் போய்விட்டது குழந்தைக்கு. அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று, "சமத்து இல்லே? நீ போய் பக்கெட்லே தண்ணி கொண்டு வா. அகழிக்கு வேணும்" என்றேன்.

ஆமாம். சொன்னது நான்தான்.

கடல் எங்களிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில்தான் இருந்தது. யானைப் படம் போட்ட சின்ன பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவள் போனதைப் பார்த்தேன். பிறகு குனிந்து ஒரு கிளிஞ்சலைப் பதித்தேன். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது பக்கெட் தனியே நுரையில் உருண்டுகொண்டிருந்தது.

அந்த அலை பெரியவர்களுக்கு முழங்கால்கூட வராது. நாலு வயசுக் குழந்தைக்கு அதுவே இடுப்புக்கு மேலே. தண்ணீர் மொள்ளக் குனிந்தவளைக் குப்புறத் தள்ளிவிட்டு, திரும்பும்போது காலடி மணலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. பாசிமணியும் சோழி மாலையும் விற்றுக்கொண்டு கரையோரமாக வந்த ஒரு அம்மாள், தோளில் தொங்கிய மாலைகளோடேயே தண்ணீரில் பாய்ந்து, குழந்தையின் கவுனைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எல்லாம் நாலைந்து விநாடிகூட இருக்காது. வாய் நிறைய உப்புத் தண்ணீரும் மணலுமாகக் குழந்தை வீறிட்டபோதுதான் என் மகன் கோட்டையிலிருந்து தலை நிமிர்ந்தான்.

"ஏம்மா, கொயந்தய தண்ணியாண்ட வுட்டுட்டு மண்ணுல இன்னாம்மா பண்ணிகினு கீறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். என்ன பதில் சொல்வது?

சோளம் வாங்கப் போயிருந்த மருமகள் திரும்பி வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. ஈரக் குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, "உங்க ரெண்டு பேரையும் நம்பித்தானே அத்தை விட்டுட்டுப் போனேன்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் நிற்கிறதே, எத்தனை பேர் அதன் கதையைத் தெரிந்துகொண்டிருப்போம்? 1930 டிசம்பர் 30-ம் தேதி, கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காக எழுப்பியது. இத்தனை காலமாக அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன். அன்று அதைத் தாண்டி வரும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் முழுக்கச் சின்னக்குட்டிக்குத் தலைக்குத் தண்ணீர் விட முடியவில்லை. சொம்பைத் தூக்கினாலே அலறல். கடற்கரைப் பேச்சை எடுத்தால், "நான் வரலை" என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். ஆனால் பயத்தைப் போட்டு வைத்தது நான். எடுக்கிற பொறுப்பும் என்னுடையதுதானே?

இரண்டு மாதம் கழித்து மருமகளிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் சம்மதித்தாள், தானும் கூட வருவதாக இருந்தால். அவள் கேட்டதில் என்ன தப்பு?

முதல் ஞாயிறு கடல் பக்கமே போகவில்லை. நடைபாதையை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கேனில் தண்ணீர், இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு டம்ளர், ஒரு பழைய குழம்புக் கரண்டி. நான் எதையும் கட்டவில்லை. "பாட்டிக்கு இட்லி வேணுமே" என்றேன். கொட்டாங்கச்சியில் ஈர மணலை அடைத்துக் கவிழ்த்தாள். பாதி இட்லி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, இன்னொன்று என்று இருபது இட்லி ஆயிற்று. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் கடல் பக்கம். எவ்வளவு கிட்டே என்பதை அவளே சொல்ல வேண்டும். நாங்கள் இழுக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. ஒரு ஞாயிறு முன்னால் போனவள் அடுத்த ஞாயிறு பின்னால் வந்ததும் உண்டு.

இப்படி வாராவாரம் மணலில் உட்கார்ந்ததில், எனக்கே இந்த வேலையின் நெளிவு சுளிவு பிடிபட்டது.

பதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

எல்லாம் ஈரத்தின் பதத்தில் இருக்கிறது. காய்ந்த மணலில் ஒன்றும் நிற்காது. கொழகொழவென்றிருந்தாலும் நிற்காது, வழிந்து போகும். இரண்டு மணலுக்கு நடுவே இருக்கிற துளி ஈரம்தான் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இடைவெளி முழுதும் தண்ணீர் நிரம்பிவிட்டால் அந்தப் பிடி விட்டுப் போகிறது. நமக்கா பதம் தெரியாது? புட்டுக்கு மாவு பிசிறும்போது பிடித்துப் பார்க்கிறோமே, அதே சோதனைதான். கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. குழந்தைக்கு இந்தப் பிடித்துப் பார்க்கிற வேலையே ஒரு விளையாட்டு. "பாட்டி, இது பிடிக்குது. இது பிடிக்கலே!" என்று அரை மணி நேரம் ஓடிவிடும்.

அடுத்தது இறுக்கம். பக்கெட் நிறைய ஒரேயடியாக மணலை அள்ளிப் போட்டுக் கவிழ்ப்பதால்தான் விரிசல் விடுகிறது. இரண்டு விரல் உயரம் போட்டுக் கையால் குத்து. மறுபடி இரண்டு விரல் உயரம், மறுபடி குத்து. குழந்தைகளுக்குக் குத்துவது என்றால் கரும்பு தின்னக் கூலியா?

கொட்டாங்கச்சியில் ஒரு சூட்சுமம் உண்டு. கண் உள்ள பாதியை எடுத்து, மெலிசான கண்ணைக் குத்தித் துளையாக்கிக்கொள்ளுங்கள். கவிழ்க்கும்போது துளை வழியே காற்று உள்ளே போய், மணல் சிக்காமல் விழும். இருபது இட்லி பிய்ந்து போன பிறகுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. டம்ளர் வைத்துச் செய்தால் கவிழ்த்து, தலையில் நாலு தட்டுத் தட்டி, லேசாகத் திருகித் தூக்க வேண்டும். ஓட்டை பக்கெட் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அடிப்பாகத்தை முழுக்க வெட்டி எடுத்து, கை கிழிக்காமல் விளிம்பில் துணி நாடா ஒட்டிவிட்டால், கவிழ்க்கிற பிரச்னையே இல்லை. மணலில் நிறுத்தி, மேலிருந்து அடைத்துக் குத்திவிட்டு, நேராக மேலே உருவிக்கொள்ளலாம். பெரிய மணற்சிற்பிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அடி இல்லாத அச்சில் மணலை இறுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வருவார்கள்.

உயரமாக வேண்டும் என்று பெரியவன் அடம் பிடிப்பான். அடியை அகலமாக்கு என்று சொல்லுங்கள். ஆனால் அகலமாக்கிய அளவுக்கு உயரம் கூடாது. 2012-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தாரும் வேறு சிலருமாகச் சேர்ந்து இதையே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். அடி 8 மடங்கு அகலமானால், தூண் சரியாமல் நிற்கக்கூடிய உயரம் 4 மடங்குதான் கூடுமாம். என் மகனிடம் சொன்னேன். "ஆமாம்மா, கணக்கு சரிதான்" என்று தாளில் போட்டுக் காட்டினான்!

நாலு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு அச்செல்லாம்கூட வேண்டாம். மணலைத் தண்ணீரில் குழைத்து, கையில் அள்ளி, விரல் நுனி வழியே சொட்டவிடச் சொல்லுங்கள். ஜாங்கிரி பிழிகிற மாதிரி. சொட்டின் மேல் சொட்டு விழுந்து, தண்ணீர் கீழே இறங்கி, சின்னச் சின்னக் கோபுரமாக எழும்பும். எப்படிச் செய்தாலும் அழகாக வரும். தப்பு என்பதே கிடையாது. அப்புறம் நாமெல்லாம் சின்ன வயசில் செய்தது: பாதத்தின் மேல் ஈர மணலைக் குவித்துத் தட்டித் தட்டி இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை உருவுவோமே! நின்றால் வீடு. விழுந்தால் மறுபடி கால்.

கிணறு வந்த கதை

ஏழாவதோ எட்டாவதோ ஞாயிறு. ஈர மணலுக்குக் கொஞ்சம் முன்னால் வரை வந்திருந்தோம். கேன் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "தண்ணி?" என்று கேட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள் குழந்தை. முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் சித்திரை மாதம் ஆற்றில் ஊற்று தோண்டியது அப்போது ஞாபகம் வந்தது. "தண்ணிக்கு ஏன் அங்கே போகணும்? இங்கேயே கிணறு வெட்டலாம் வா" என்றேன்.

கரண்டியால் தோண்டினோம். ஒரு சாண் போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனதும் அடியில் பளபளவென்று கசிந்து, ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் சேர்ந்தது. முழங்கை வரை கையை விட்டு அளைந்தவள், விரலை நக்கிப் பார்த்தாள். "பாட்டி, உப்பு! கடல் இங்கேயே வந்துடுச்சு!"

மருமகள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மணல் வீட்டுக்குக் கிணறுதான் முதலில். ஊற்று கிடைத்த இடத்தில்தான் வீடு. இதற்குக் கடல் வற்றுகிற நேரம் தோதாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். இப்போதெல்லாம் செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தால், அது விட்டுப் போன மணலில் ஈரம் ஊறியிருக்கும், தண்ணீரும் ஆழமில்லாமல் கிடைக்கும், அலையும் நம்மை விட்டு விலகிக்கொண்டே போகும். அதற்காக அலையை நம்பிவிடாதீர்கள். பத்து அலைக்கு ஒன்று நீட்டி ஓடி வரும். வந்ததும் கொஞ்ச நேரம் நின்று, அது எது வரை வருகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கும் மேலே தள்ளி உட்காருங்கள். அங்கே ஊற்று கிடைக்கவில்லையென்றால் பெரியவர் ஒருவர் போய்க் கொண்டு வரட்டும். குழந்தையை மட்டும் தண்ணீருக்கு அனுப்பவே கூடாது, பாதம் நனைகிற தண்ணீருக்குக்கூட.

எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் என் மகன். கோட்டையில் அவன் கை வைக்க அனுமதி இல்லை! கடலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே, குழந்தைகளைப் பார்த்தபடி உட்கார வேண்டும், தண்ணீர் கேட்டால் கொண்டு வர வேண்டும். செல்போன் மருமகளின் பையில். ஆரம்பத்தில் அவனுக்குக் கை பரபரத்தது. "சுவர் சாயுதுடா..." என்று வாய் வரை வரும். முழுங்கிக்கொள்வான் பாவம்.

கிணறு என்றதும் பெரியவன் பாதாளம் வரை வெட்டப் பார்த்தான். இதில் மட்டும் நான் கண்டிப்பு. அங்கே இருக்கிற குழந்தைகளில் ரொம்பச் சின்னது எதுவோ, அதன் முழங்காலுக்கு மேல் ஆழமாக எந்தக் குழியும் போகக் கூடாது. ஆள் நுழைகிற சுரங்கம் வேண்டவே வேண்டாம். மேலே காய்ந்த மணல் எந்த நேரத்திலும் சரியும். சரிந்தால் மூச்சுவிட இடமில்லாமல் மூடிவிடும். தோண்டத் தோண்ட அந்த இடத்தை மறுபடி மறுபடி மூடிக்கொண்டே இருக்கும் மணலிலிருந்து ஒரு பிள்ளையை வெளியே எடுப்பது லேசான காரியமல்ல. மணலுக்குள் கழுத்து வரை புதைத்துப் படம் எடுக்கிறார்களே, அதையும் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

மற்ற ஜாக்கிரதைகள் நீங்கள் அறிந்தவைதான். வெயில் தாழ்ந்து நாலரைக்கு மேல், அல்லது விடிந்த கையோடு. மேட்டில் நாய்கள் படுத்துக் கிடக்கும் காய்ந்த மணலில் கொக்கிப்புழு இருக்கலாம். அது வெறும் காலிலும் கையிலும் தோல் வழியே புகுந்து அரிப்பும் கோடு கோடாகத் தடிப்பும் கொடுக்கும். கடல் கழுவிவிட்டுப் போகிற மணல் அதற்குத் தேவலை. மேட்டில் உட்காருவதானால் கீழே ஏதாவது விரித்துக்கொள்ளுங்கள். முதலில் நாம் கையைவிட்டுத் துழாவி, கண்ணாடிச் சில்லு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கண்ணில் மணல் விழுந்தால் கசக்கவிடாமல் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். சுண்டலுக்கு முன் கை கழுவ, ஒரு பாட்டில் தண்ணீரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒட்டிய மணலை ஈரத்தோடு தேய்த்தால் தோல் எரியும். காயவிட்டு மெல்லிய துணியால் தட்டினால் தானே உதிரும்.

கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வர வேண்டும். இருட்டில் யாராவது காலை விட்டுவிடுவார்கள் என்பதோடு, இன்னொரு காரணமும் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் நம் சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து, அந்த முட்டைகளைப் பத்திரப்படுத்தி, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுக்கு நம் கிணறு பெரிய பள்ளம். இதைச் சொன்னதிலிருந்து குழி மூடுகிற வேலை சின்னக்குட்டியுடையது. வேறு யாரும் தொட்டால் கோபம் வந்துவிடும்.

வீட்டை என்ன செய்வது என்றுதானே கேட்கிறீர்கள்? அதைக் கட்டியவள் இஷ்டம். முன்பெல்லாம் குழந்தை தான் கட்டியதைத் தானே உதைத்தால், "ஐயோ, எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினே!" என்று பதறுவேன். பதற என்ன இருக்கிறது? சிற்றில் கட்டுவதும் அதைச் சிதைப்பதும் நம் ஊரில் நேற்று வந்த விளையாட்டா? கண்ணனிடம், எங்கள் மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகமே பாடியிருக்கிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்று ஒரு பருவமே இருக்கிறது. கட்டின கையே உதைத்தால் விளையாட்டு, அண்ணன் கால் உதைத்தால் அழுகை. அந்த வித்தியாசத்தை மட்டும் பெரியவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னக்குட்டிக்கு இப்போது ஏழு வயசு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நிற்கிறாள்; அதற்கு மேல் போக அவளுக்கும் மனசில்லை, எங்களுக்கும் இல்லை. அவள் கட்டுகிற வீடு ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் இருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. பாசிமணிக்கார அம்மாள் மட்டும் எங்களைக் கண்டால் கூடையை இறக்கிவைத்து, "இன்னா பாப்பா, கெணறு வெட்டியாச்சா?" என்று கேட்பாள். "வெட்டியாச்சு ஆயா, தண்ணிகூட வந்துடுச்சு" என்று இவள் எட்டிப் பார்க்கச் சொல்லுவாள்.

நாளைக்கு ஞாயிறு. சாயங்காலம் தேங்காய் உடைத்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "பாட்டி, கண்ணு இருக்கிற பாதி எனக்கு" என்று வாங்கிக்கொண்டு போய், வாசற்படியில் தேய்த்து நாரை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.